புது கேம் 1,500 கிலோமீட்டரில் தேய்ந்துவிட்டது: ஆயில்தான் காரணமா?

வாசகர் கேள்வி, ஜூன் 3

அண்ணா, என் மினி காரின் 1275 சி.சி. இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கட்டினோம். 290 டிகிரி கேம் (வால்வைத் திறக்கும் தண்டு, இன்ஜின் 290 டிகிரி சுற்றும் வரை திறந்து வைக்கும்), இரட்டை ஸ்ப்ரிங், 1.5 ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்). வெறும் 1,500 கி.மீ. தான் ஓடியது. இப்போது டிக் டிக் என்று சத்தம், பிக்கப்பும் போய்விட்டது. ராக்கர் கவரைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்தால் ஒரு வால்வ் மற்றவை திறப்பதில் பாதிதான் திறக்கிறது. ஊற்றியது 20டபிள்யூ-50 ஆயில். இப்போதைய ஆயிலில் துத்தநாகத்தை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் கேம் போச்சு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த ஆயில் போடுவது? எப்படியும் இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். அடுத்து இதைவிடப் பெரிய கேமாகப் போட்டுவிடலாமா?

ஜூன் 4

ஆமாம், ஆயில்தான். கேமில் இருக்கும் மேடுதான் லோப். அது டாப்பெட் என்ற சிறு உருண்டைக் கட்டையைத் தள்ளும், டாப்பெட் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ளும், கம்பி ராக்கரைத் தள்ளி வால்வைத் திறக்கும். பழைய இன்ஜின்களில் டாப்பெட் கேம் லோபின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, உருளை எதுவும் கிடையாது. அந்த இடத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் இசட்.டி.டி.பி. என்ற துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். சூடும் அழுத்தமும் சேரும்போது இரும்பின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய பாஸ்பேட் படலமாகப் படியும். இரும்புக்குப் பதில் அந்தப் படலம் தேயும், மறுபடி படியும். பாஸ்பரஸ் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால் அளவைக் குறைத்துவிட்டார்கள். 2004இல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏ.பி.ஐ.) எஸ்.எம். என்ற ஆயில் தரத்தில் பாஸ்பரஸ் அதிகபட்சம் 0.08 சதவீதம். அதற்கு முந்தைய எஸ்.எல். தரத்தில் 0.10. பழைய கார்களுக்கென்றே விற்கும் ஆயிலாகப் பார்த்து ஊற்றுங்கள்.

ஜூன் 5, காலை

நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். கேள்வியை நான் ஒழுங்காகப் படிக்கவே இல்லை. அவர் ஊற்றியது 20டபிள்யூ-50. அந்த பாஸ்பரஸ் உச்சவரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குத்தான். கெட்டியான 20டபிள்யூ-50க்கு அது பொருந்தாது. அவர் டப்பாவில் இசட்.டி.டி.பி. போதுமான அளவு இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

நானும் எல்லோரையும் போல ஆயில் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். ஆயிலைக் குற்றம் சொல்வதில் ஒரு வசதி உண்டு. இன்ஜினைக் கட்டிய கை தப்பித்துவிடும்.

ஜூன் 7

என் கை தப்பிக்காத கதை ஒன்று.

எனக்கும் இதே 1275தான். புது கேம் போட்டு இரண்டு மாதம் ஆகியிருக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் ரேஸ் பண்ணினால் கார்புரேட்டர் தும்ம ஆரம்பித்தது. பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று முடிவு கட்டி எஸ்.யு. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியை மாற்றினேன். தும்மல் நிற்கவில்லை. இன்னொரு ஊசி. பிறகு பாயின்ட், கண்டென்சர், காயில், பிளக் வயர். கம்ப்ரஷன் பார்த்தேன், நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல இருந்தன. அதைப் பார்த்ததும் இன்ஜின் உள்ளே எந்தக் கோளாறும் இல்லை என்று நிம்மதியாகிவிட்டேன். அந்த நிம்மதியிலேயே மூன்று வாரம் கழிந்தது.

கடைசியில் நுண்ணிய ஏற்ற இறக்கத்தை அளக்கும் டயல் கேஜை எடுத்து எட்டு புஷ்ராடும் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம், அரை மணி நேர வேலை. ஏழு ஒன்றுபோல ஏறின. முன்னாலிருந்து ஐந்தாவது, அதாவது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட், இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல் குறைவு. எக்ஸாஸ்ட் வால்வ் சரியாகத் திறக்காவிட்டால் எரிந்த வாயு வெளியே போக வழியில்லை. அடுத்து இன்லெட் திறந்ததும் கார்புரேட்டர் வழியாகத்தான் வரும். தும்மல் அதுதான். வால்வ் அரைகுறையாகத் திறந்தாலும் ஒழுங்காக மூடுகிறதே, அதனால் கம்ப்ரஷன் எண்ணில் எதுவும் தெரியாது.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாக வெளியே எடுத்தேன். கேமை உருவினால் அந்த லோபின் உச்சியைக் காணோம், சப்பையாக இருந்தது. அதன் டாப்பெட்டின் அடியில் சிறு கிண்ணம் மாதிரி பள்ளம். மினியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைக் குடிக்கின்றன. தேய்ந்த இரும்பெல்லாம் எங்கே போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆயில் வடிக்கும் சம்ப் பிளக்கின் காந்தத்தில் முள்ளம்பன்றி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது.

ஜூன் 8

ஒருவர் கேட்கிறார்: லோப் தேய்ந்தால் டாப்பெட் கிளியரன்ஸ் (ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே விடும் இடைவெளி) கூடுமே, அட்ஜஸ்ட் செய்யும்போதே தெரிந்திருக்குமே?

தெரியும் என்று அவருக்கு உடனே தனியாகப் பதில் போட்டேன். தவறு. கிளியரன்ஸை லோபின் வட்டப் பகுதியில் வைத்துத்தான் அளக்கிறோம், தேய்வதோ உச்சி. உச்சி எவ்வளவு தேய்ந்தாலும் அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜுக்கு அது தெரியாது. டாப்பெட்டின் அடியும் சேர்ந்து குழிந்தால்தான் கிளியரன்ஸ் கூடும். ஒரே வால்வை மட்டும் மாதாமாதம் இறுக்க வேண்டியிருந்தால் அங்கே டாப்பெட்டும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். என் ஐந்தாவது அப்படித்தான் இருந்தது. இரண்டு முறை இறுக்கினேன். நட்டு தளர்கிறது என்று நட்டை மாற்றினேன்!

ஜூன் 12

டாப்பெட்டுக்கு வருவோம். இதைத் தட்டை டாப்பெட் என்கிறோம், அது தட்டையே கிடையாது.

புது டாப்பெட்டின் அடி லேசாகக் குவிந்திருக்கும். விளிம்புக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குதான். லோபின் முகமும் ஒரு பக்கமாக மிகச் சிறிதாகச் சாய்த்துக் கடையப்பட்டிருக்கும். அதோடு லோப் டாப்பெட்டின் நேர் நடுவில் தொடாமல் சற்று ஒதுங்கித் தொடும். மூன்றும் சேர்ந்துதான் ஒவ்வொரு தள்ளலிலும் டாப்பெட்டைக் கொஞ்சம் சுழற்றிவிடுகின்றன. சுழன்றால் தேய்மானம் அடி முழுக்கப் பரவும். சுழலாமல் நின்றால் ஒரே கோட்டில் அறுபடும். அப்புறம் அதன் ஆயுள் அதிகமில்லை.

சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு டாப்பெட்டின் அடியில் இன்னொன்றின் நேரான பக்கவாட்டை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புதிது என்றால் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஆடும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். புது கேமுக்குப் பழைய டாப்பெட் போடவே கூடாது என்பது இதனால்தான். பழைய கேமையே மீண்டும் போடுவதானால் ஒவ்வொரு டாப்பெட்டும் அதே துளைக்குப் போக வேண்டும், எண் எழுதி வையுங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் டாப்பெட்டுகள் புதியவையா?

ஜூன் 13

"கட்டியவர் புதிது என்றுதான் சொன்னார்" என்று பதில் வந்திருக்கிறது. அந்த "தான்" எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 19

முதல் இருபது நிமிடம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். என் கேம் செத்தது அங்கேதான் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

வேகம் குறைவாக இருந்தால் தேய்மானமும் குறைவு என்று தோன்றும். லோபின் உச்சியில் நடப்பது நேர் எதிர். அதிக வேகத்தில் வால்வ், ராக்கர், புஷ்ராட் எல்லாம் மேலே பறக்கத் துடிக்கும். ஸ்ப்ரிங்கின் பலத்தில் ஒரு பகுதி அவற்றை அடக்கவே செலவாகிவிடும். உச்சிக்கு மிச்சச் சுமைதான். ஐட்லிங்கில் அந்தத் துடிப்பு இல்லை, ஸ்ப்ரிங்கின் முழுச் சுமையும் உச்சியில் உட்காரும். போதாக்குறைக்கு இந்த இன்ஜினில் லோபுக்கு ஆயில் கிடைப்பதே கிராங்க் சுழன்று வாரி அடிப்பதாலும் மேலிருந்து புஷ்ராட் துளை வழியாக வடிவதாலும்தான். மெதுவாக ஓடினால் வாரி அடிப்பது குறையும். ஆக, சுமை அதிகம், ஆயில் குறைவு. அதனால் புது கேமை ஸ்டார்ட் ஆனதும் நேராக 2,000க்குக் கொண்டுபோய், 2,000க்கும் 2,500க்கும் இடையே ஏற்றி இறக்கிக்கொண்டே இருபது, முப்பது நிமிடம் ஓட்டச் சொல்கிறார்கள். நடுவே ஏதாவது ஒழுகினால் அணைத்துவிடுங்கள், ஐட்லிங்கில் விட்டுவிட்டுக் குனிந்து தேடாதீர்கள்.

நான் செய்தது என்ன? பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிப்யூட்டரின் டிரைவை 180 டிகிரி மாற்றிப் போட்டிருந்தேன். பற்றவில்லை. செல்ஃப் அடித்தேன், அடித்தேன், பேட்டரி இறங்கும் வரை அடித்தேன். சார்ஜ் போட்டு மறுநாளும் அடித்தேன். லோபில் பூசியிருந்த மாலிப்டினம் பசையெல்லாம் வழித்துப் போயிருக்கும். ஒருவழியாகப் பற்றியதும் சந்தோஷத்தில் ஐட்லிங்கில் விட்டு எஸ்.யு. டியூன் செய்ய உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். இன்ஜின் அவ்வளவு அழகாகப் பாடியது.

இந்த இன்ஜினில் இன்னொரு சிக்கல், ஆயில் பம்ப் கேமின் வாலில்தான் மாட்டியிருக்கிறது. டிரில்லை மாட்டி பம்பை மட்டும் சுற்றி ஆயில் ஏற்ற முடியாது, பம்ப் சுற்ற வேண்டுமானால் கேமும் சுற்ற வேண்டும். இப்போதெல்லாம் நான் ஆயில் பிரஷர் கேஜ் இணையும் துளை வழியாகக் கைப்பம்பால் ஆயிலைத் தள்ளி நிரப்பிவிடுகிறேன். கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, டைமிங்கை நிற்கும்போதே சரிபார்த்து, முதல் சுற்றிலேயே பற்றும் என்ற உறுதி வந்த பிறகுதான் சாவி.

ஜூன் 20

இரட்டை ஸ்ப்ரிங் போட்டவர்கள் அந்த முதல் ஓட்டத்துக்கு உள் ஸ்ப்ரிங்கைக் கழற்றி வைக்கலாம். பிறகு மாட்டுவது எரிச்சலான வேலை. கேமை மாற்றுவது அதைவிட எரிச்சல்.

ஜூன் 26

ஸ்ப்ரிங்கும் ராக்கரும். இந்தத் தம்பியின் கேமைக் கொன்றது இதுதான் என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

மூல ராக்கரின் விகிதம் 1.25ஐ ஒட்டி. அவர் போட்டிருப்பது 1.5. லோப் 6.35 மி.மீ. தள்ளினால் பழைய ராக்கரில் வால்வ் 7.9 மி.மீ. திறக்கும், புதியதில் 9.5. லாபம் கண்ணுக்குத் தெரிகிறது. நெம்புகோல் கணக்கில் இதன் மறுபக்கமும் உண்டு. வால்வ் பக்கம் ஸ்ப்ரிங் தரும் சுமை டாப்பெட்டுக்கு வரும்போது அதே விகிதத்தால் பெருகும். ஸ்ப்ரிங்கைத் தொடாமலே லோபின் மேல் 20 சதவீதம் கூடுதல். வால்வ் 1.6 மி.மீ. கூடுதலாக இறங்குவதால் ஸ்ப்ரிங்கும் அதிகமாக நசுங்கும், அது தனிக் கூடுதல். அதற்கும் மேலே, 8,000 சுற்றுக்கான இரட்டை ஸ்ப்ரிங்.

தம்பி எவ்வளவு வரை ஏற்றுகிறார்? "6,000 தாண்டியதில்லை அண்ணா, பயம்." அப்புறம் எதற்கு அந்த ஸ்ப்ரிங்? "கேமோடு சேர்த்து வந்தது."

வால்வ் முழுக்கத் திறந்த நிலையில் ஸ்ப்ரிங்கின் சுருள்களுக்கு இடையே மொத்தம் ஒரு மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். ராக்கரை மாற்றியவர்கள் பலர் இதை மறுபடி அளப்பதில்லை. சுருளோடு சுருள் முட்டினால் அது ஸ்ப்ரிங் இல்லை, இரும்புக் குழாய். புஷ்ராட் வளையாவிட்டால் லோப் வாங்கிக்கொள்ளும்.

ஜூலை 3

"இதைவிடப் பெரிய கேம்" என்ற கேள்விக்கு ஒரு மாதமாகப் பதில் சொல்லாமல் நழுவிவந்திருக்கிறேன். நானும் 290 டிகிரிதான் முதலில் வாங்கினேன். எதற்காக என்று கேட்டால் சக்தி, மேல் சுற்று என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் சிக்னலில் நிற்கும்போது வரும் அந்த முரட்டுச் சத்தத்துக்காக.

கணக்கைப் பார்ப்போம். மூல 1275 கேமில் இன்லெட், பிஸ்டன் உச்சிக்கு வர 5 டிகிரி முன்னதாகத் திறந்து, அது கீழே போய்ச் சேர்ந்த பிறகு 45 டிகிரி பிந்தி மூடுகிறது, இடையே 180, மொத்தம் 230. என் 290இல் 35 முன், 75 பின். 75 டிகிரி பிந்தி மூடும்போது பிஸ்டன் மேலே ஏற ஆரம்பித்து வெகுதூரம் வந்துவிடும். 81.3 மி.மீ. ஸ்ட்ரோக்கில் மூல கேமில் அமுக்குவதற்கு 72 மி.மீ. மிஞ்சும், என்னுடையதில் 56.5தான். கம்ப்ரஷன் விகிதம் 9.75 என்று வைத்தால், வால்வ் மூடிய பிறகு உண்மையில் அமுங்குவது 8.8 மடங்கிலிருந்து 7.1க்கு விழுகிறது. உயர் சுற்றில் உள்ளே வரும் காற்றின் வேகமே சிலிண்டரை நிரப்பிவிடும், நஷ்டம் தெரியாது. 2,500இல் அந்த வேகம் இல்லை. உள்ளே வந்ததில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். மேட்டில் இரண்டாம் கியரில் கெஞ்சிக்கொண்டு ஏறுவேன், பின்னால் வந்தவர்கள் பொறுமையாக ஹாரன் அடிப்பார்கள்.

இரண்டாவது முறை 260ஐ ஒட்டிய கேம் போட்டேன். தெருவில் அது எல்லா வகையிலும் வேகமான கார். முரட்டுச் சத்தம் போய்விட்டது. இன்றும் அதற்காக ஏங்குகிறேன், மறைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. டிகிரியை மட்டும் வைத்து இரண்டு கேம்களை ஒப்பிடாதீர்கள். ஒருவர் வால்வ் அசைய ஆரம்பித்ததிலிருந்து அளப்பார், இன்னொருவர் டாப்பெட் 0.050 அங்குலம் ஏறியதிலிருந்து அளப்பார். ஒரே கேமுக்கே இரண்டு எண்ணுக்கும் நாற்பது, ஐம்பது டிகிரி வித்தியாசம் வரும்.

ஜூலை 4

விட்டுப்போனது: இந்த ஹெட்டில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் துளை, 3, 4க்கு இன்னொன்று. எரியும் வரிசை 1-3-4-2. அதாவது 2 உறிஞ்சி முடிக்கும் முன்பே 1 அதே துளையில் வாயை வைக்கிறது. 3க்கும் 4க்கும் அதே கதை. இருவரும் சேர்ந்து உறிஞ்சும் நேரத்தைக் கண்டுபிடிக்க கேமின் டிகிரியிலிருந்து 180ஐக் கழியுங்கள். மூல கேமில் 50 டிகிரி. 290இல் 110. ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா. இதைச் சமாளிக்கத்தான் உள் சிலிண்டர்களுக்கும் வெளிச் சிலிண்டர்களுக்கும் வேறு வேறு டைமிங் வைத்துக் கடைந்த கேம்கள்கூட உண்டு. நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

ஜூலை 15

ஃபோர்டு பின்டோ வைத்திருப்பவர் ஒருவர் வந்து, "எங்கள் இன்ஜினில் கேம் தலைக்கு மேலேயே இருக்கிறது, இந்தத் தொல்லையெல்லாம் இல்லை" என்கிறார். பின்டோவா! கேம் தேய்மானத்துக்குப் பேர்போன இன்ஜின் ஐயா அது. லோபுகளுக்கு ஆயில் தெளிக்க மேலே ஒரு துளையிட்ட குழாய். ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் கசடு துளையை அடைக்கும், அடைத்த துளைக்கு நேரே உள்ள லோப் காய்ந்து தேயும். அங்கே டாப்பெட்டுக்குப் பதில் இருப்பது விரல் போன்ற ஃபாலோயர், அது சுழலவும் சுழலாது. கேமை மாற்றும்போதெல்லாம் அந்தக் குழாயையும் புதிதாகப் போடுங்கள்.

ஜூலை 16

பின்டோக்காரர் கவரைத் திறந்து பார்த்துவிட்டார். இரண்டு துளை அடைப்பு. இப்போது நமக்கு நண்பர்.

ஜூலை 29

தம்பி இன்ஜினைப் பிரித்துவிட்டார், படங்களும் வந்துவிட்டன. என் ஜூன் 26 சந்தேகம் பாதிதான் சரி.

எட்டு டாப்பெட்டில் ஐந்து புதியவை. மூன்று பழையவை, அடியை லேசாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் போட்டிருக்கிறார்கள். பளபளப்புக்காகத் தட்டையாகத் தேய்த்ததில் குவிவு போய்விட்டது. குவிவு போனதும் சுழற்சியும் நின்றது. செத்த லோப் அந்த மூன்றில் ஒன்றின் கீழே. மற்ற இரண்டு லோபிலும் ஒரே பக்கமாகக் கீறல் விழ ஆரம்பித்திருக்கிறது. புது டாப்பெட் ஓடிய ஐந்து லோபும், அதே ஆயிலில், அதே ஸ்ப்ரிங்கில், நன்றாகவே இருக்கின்றன.

ஸ்ப்ரிங் கொலையாளி என்றேன், கூட்டாளி என்று திருத்திக்கொள்கிறேன். மூல ஸ்ப்ரிங் இருந்திருந்தால் அந்த டாப்பெட் இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது செய்ய வேண்டியது: பிளாக்கின் ஆயில் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றிப் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். கிராங்க் பேரிங், கேம் பேரிங், ஆயில் பம்ப் மூன்றையும் பாருங்கள். கியர்பாக்ஸையும் பிரித்தே ஆக வேண்டும், மன்னிக்கவும். டாப்பெட் துளைகளில் பிசிறு இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். புது டாப்பெட்டில் ஆயில் தடவி விட்டால் தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும், விரலால் சுழற்றினால் எங்கும் பிடிக்கக் கூடாது. கேமும் டாப்பெட்டும் ஒரே இடத்தில் ஜோடியாக வாங்குங்கள். எந்த இரும்போடு எந்த இரும்பு ஒத்துப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 30

260 டிகிரி கேம், எட்டும் புது டாப்பெட், ஒற்றை ஸ்ப்ரிங், மூல ராக்கர். நேற்று ஸ்டார்ட் செய்தார்களாம், இரண்டாவது சுற்றிலேயே பற்றியது. இருபத்தைந்து நிமிடம் 2,000க்கு மேலே. ராக்கர் கவரைக் கழற்றிவிட்டு, புஷ்ராட் ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டால் புள்ளி வைத்துக் காணொளி எடுத்து அனுப்பியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன். எட்டுப் புள்ளியும் சுற்றுகின்றன. ஏழாவது மட்டும் கொஞ்சம் சோம்பல், ஆனாலும் சுற்றுகிறது. 500 கி.மீ. ஓடியதும் ஆயிலை மாற்றிக் காந்தத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

காணொளிக்குக் கீழே ஒரு வரி: "அண்ணா, அந்த 1.5 ராக்கர் சும்மாதானே கிடக்கிறது, 500 கி.மீ. கழித்து மாட்டிப் பார்க்கலாமா?"

சுருள் இடைவெளியை அளந்துவிட்டுக் கேள், தம்பி.